சுவரில் ஒட்டிய கடல்

பாடம் பிள்ளையின் ஊரிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் கற்றிருந்தேன். வங்காலைக்கு அப்பால் ஒரு மீனவர் பள்ளியில் நியமனம் கிடைத்ததும் அதைச் செய்துகாட்ட அவசரப்பட்டேன். எட்டாம் வகுப்பிடம் சொன்னேன்: "புத்தகத்தில இருக்கிற வரைபடம் வேண்டாம். உங்கட அப்பாமாரின்ர கடலைக் கீறுங்கோ."

கீறினார்கள். அப்பாவோடு கடலுக்குப் போய்ப் பழகிய ஒருத்தியின் படம் அற்புதம். கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் எங்கிருந்து பார்த்தால் ஒரே கோட்டில் தெரியும், அங்கே கடலடிப் பாறைத்திட்டான பாரில் எந்த மாதம் மீன் கூடும், எல்லாம் அதில் இருந்தன. ஞாயிறு பூசை முடிந்து வரும் சனம் பார்க்கட்டும் என்று பள்ளி வெளிச்சுவரின் நடுவில் ஒட்டினேன். அடுத்த ஊரார் இருவர் அதைப் போனில் படம் எடுத்தபோது பூரித்துப்போனேன்.

திங்கள் பகல் அவளுடைய அப்பா வந்து படத்தைக் கிழித்தார்.

"ரீச்சர், இது என்ர அப்பர் எனக்கு மட்டும் காட்டின இடம். கூடப்பிறந்த தம்பிக்கே நான் சொல்லேல்லை. நீங்கள் விளம்பரம் போட்டிருக்கிறியள்!"

"உங்கட அறிவுக்கு மரியாதை குடுக்கத்தான்..."

"உங்கட மரியாதை இண்டைக்கு விடிய ஏழு படகில வந்து அங்க நிண்டது. அவள் இனிப் பள்ளிக்கு வரமாட்டாள்."

வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். இரண்டு நாள் அவளுடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. வியாழக்கிழமை கரைக்குப் போனேன்.

"ரீச்சர் வாறா, கடலை மூடுங்கோடா!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அப்பா மட்டும் சிரிக்காமல் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

"பிழை என்ரது. பிள்ளையைத் தண்டிக்காதேங்கோ."

"கீறச் சொல்ல முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களா?"

கேட்கவில்லை. ஊரோடு சேர்ந்து கற்பிப்பதாகக் கலாசாலைக்குக் கடிதம்கூட எழுதியிருந்தேன். ஊரில் ஒருவரிடமும் கேட்கவில்லை.

"நாளைக்கு அனுப்புறன்," என்றார், தலை நிமிராமல். "நானும் வாறன். என்ன சொல்லிக்குடுக்கிறியள் எண்டு பாக்கோணும்."

வெள்ளிக்கிழமை வாசலில் கதிரை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் காற்றுகள் பற்றிய பாடத்தைத் தொடங்கினேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றைப் பற்றிக் கரும்பலகையில் இரண்டு வரி எழுதியிருப்பேன்.

"பிழை," என்றார்.

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். சோக்கட்டியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நான் சொல்லுறன். நீங்கள் அழிச்சுப்போட்டு எழுதுங்கோ."

அந்தக் குரலில் மன்னிப்பு இல்லை. அவருடைய மகள் கொப்பியைத் திறந்தாள். நான் அழித்தேன்.