பின்வரிசை ஆட்டக்காரி

ஹொக்கி ஸ்டிக்குக்கு ஒட்டுநாடா சுற்றும்போது கஜனி பேசமாட்டாள். சமையலறை மேசைக்கு முன்னால் இருந்து, பிடியை மடியில் வைத்து, வளைந்த அலகை விளக்குக்கு நேரே பிடித்து, குதியிலிருந்து நுனிவரை பதினோரு சுற்று. ஒரு சுருக்கம் விழுந்தாலும் முழுவதையும் உரித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவாள். யாராவது கதை கொடுத்தால் இடதுகைச் சுண்டுவிரலை உயர்த்திக் காட்டுவாள். இரண்டு தரம் முறிந்து, பொருந்தாமல் ஒட்டி, வெளிப்பக்கம் சரிந்து நிற்கும் விரல் அது. அதைக் கண்டவர்கள் கதையை நிறுத்திவிடுவார்கள்.

என் தங்கைக்கு இருபத்தைந்து வயது. ரொறன்ரோவில் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியொன்றில் இடதுபக்கப் பின்வரிசையில் ஆடுகிறாள். கோல் போடுவது அவள் வேலையல்ல. எதிரணி அடிப்பதை மறிப்பதுதான் வேலை; ஸ்டிக்கால் முடியாவிட்டால் உடம்பால். பக் என்பது, பந்துக்குப் பதிலாக அடிக்கும் நூற்றெழுபது கிராம் ரப்பர் வட்டு. ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரில் உறையவைப்பார்கள், துள்ளாமல் இருக்க. அவளுடைய கால்களில் எப்போதும் கண்டல்கள் இருக்கும். புதியவை நீலம், பழையவை மஞ்சள்.

கலியாண வீடுகளில் அங்கிள்மார் அவளைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள்.

"எவ்வளவு தாறாங்கள் பிள்ளை?"

"ஜேர்சி தருவினம் அங்கிள்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. சீசன் முடிய ஜேர்சியையும் திருப்பிக் குடுக்கோணும்."

அதனால் பகலில் பிக்கரிங்கில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். பஸ்ஸில் சண்டை பிடிக்கும் பிள்ளைக்கு ஹொக்கித் தண்டனைதான்: "ரூ மினிற்ஸ்!" முன் ஆசனத்தில் வாய்மூடி இரண்டு நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்துத்தான் விடுவிப்பாள். ஒரு பெற்றோர் முறைப்பாடு செய்தார். ஏழு பெற்றோர் அந்தத் தண்டனையை வீட்டிலும் தொடங்கிவிட்டார்கள்.

1989இல் நாங்கள் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. ஏழு வயதில் பனியில் சறுக்கும் ஸ்கேற்ஸ் கேட்டு அழுதாள். அம்மா வாங்கிக் கொடுத்தார். பதினான்கு வயதுவரை பையன்களின் அணியில் ஆடினாள், பிறகு அமெரிக்கக் கல்லூரியொன்றில் நான்கு வருடம். நான் பனி ஆடுகளங்களின் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். நான் உறையவைக்கும் பனியில் அவள் விழுகிறாள் என்று அம்மா சொல்வார்.

அம்மாவின் பெயர் பாலேஸ்வரி. தாதி. அப்பா காலமாகி மூன்று வருடத்தின் பின், சமாதான காலத்தில், ஆறு மாதம் வேலை செய்துவிட்டு வருகிறேன் என்று கிளிநொச்சிக்குப் போனார். ஆஸ்பத்திரியை விட்டு வர மனம் வரவில்லை. பிறகு திரும்பவும் சண்டை தொடங்கி, பாதை பூட்டிவிட்டது. இந்த வருடம், 2009, பெப்ரவரி பதினோராம் திகதி கடைசியாகப் பேசினார். இரவல் தொலைபேசி. நாற்பத்தொரு வினாடி. பின்னால் ஆட்கள் கத்துவது கேட்டது. "சாப்பிட்டியளோ? கஜனிக்கு எப்ப மட்ச்?" என்று கேட்டார். கஜனி பதில் சொல்லி முடிப்பதற்குள் அறுந்துவிட்டது.

மே பதினெட்டு, திங்கட்கிழமை, போர் முடிந்தது என்றார்கள். இங்கே அது விக்ரோறியா தின விடுமுறை. மாலையில் பின்வீட்டார் வாணம் விட்டார்கள். கஜனி எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினாள்.

வவுனியா முகாம்களிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களில் அம்மா இல்லை. காயப்பட்டவர்களின் பட்டியலில் இல்லை. இறந்தவர்களுக்குப் பட்டியலே இல்லை.

செத்த வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. மீனோ இறைச்சியோ சமைப்பதில்லை, விளையாட்டு, கொண்டாட்டம் எதற்கும் போவதில்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. பதினெட்டாம் திகதியை எடுத்துக்கொண்டேன். ஏதோவோர் எண் இல்லாமல் எண்ணத் தொடங்க முடியாது.

மறுநாள் பக்கத்துத் தெரு யோகமலர் அன்ரி சட்டிகளோடு வந்தார்.

"நீங்கள் அடுப்பு மூட்டியிருக்க மாட்டியள் எண்டு தெரியும். சோறும் பருப்பும் கத்தரிக்காயும் கிடக்கு."

கஜனி மூடிகளைத் திறந்து பார்த்தாள். "ஏன் அன்ரி எல்லாம் மரக்கறி?"

"இதென்ன கேள்வி? ஊர் கிடக்கிற கிடையில..."

கஜனி தகரத்தில் அடைத்த மீன் ஒன்றை எடுத்து உடைத்தாள். வெங்காயம் வெட்டி, எண்ணெய் விட்டு, மீனைப் போட்டு வதக்கினாள். வீடு முழுக்க மணந்தது.

"ஐஸில விழுந்து விழுந்து உன்ரை நெஞ்சும் ஐஸாப் போச்சடி," என்றார் அன்ரி.

"அம்மா இல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. ஆனா, பிள்ளை..."

"எத்தினையாம் திகதி? சொல்லுங்கோ அன்ரி. சொன்னா அடுப்பை நிப்பாட்டுறன்."

அன்ரி மூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். நான் தட்டில் சோற்றைப் போட்டுப் பருப்பை ஊற்றிக்கொண்டேன். கஜனி என் தட்டைப் பார்த்தாள். பிறகு தன்னுடையதில் மீனைப் போட்டாள்.

சனிக்கிழமை ஸ்காபரோவில் தெரிவு ஆட்டம். சுவிஸ் கழகமொன்றிலிருந்து ஒரு பெண்மணி ஆள் எடுக்க வந்திருந்தார். சம்பளம், அறை, ஒரு வருட ஒப்பந்தம். ஒரேயோர் இடம். அடுத்த வருடமும் யாராவது வருவார்கள் என்று இல்லை. முழங்கால்கள் எத்தனை வருடம் தாங்கும் என்பது கஜனிக்குத் தெரியும்.

காரில் வைத்து நான் கேட்டேன். "இண்டைக்கு விட்டா என்ன? நிலைமையைச் சொன்னா அவைக்கு விளங்கும்."

"எந்த நிலைமையை?"

நான் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினேன்.

"நான் போகாட்டி, அம்மா செத்திட்டா எண்டு நானே சொல்லுற மாதிரி. நீங்கள் சொல்லுறதெண்டா சொல்லுங்கோ அக்கா. நொட் மீ."

பனியின் மேற்பரப்பு பூச்சியத்துக்குக் கீழே ஐந்தரைப் பாகை. காலையில் நானே பார்த்து வைத்தது. முதல் பகுதி முடியும்போது யோகமலர் அன்ரி சேலைக்கு மேல் குளிர்க்கோட்டோடு வந்து என் பக்கத்தில் இருந்தார். கையில் தேத்தண்ணிப் போத்தல்.

"விளையாட்டுப் பார்க்க வரேல்லை. நீ தனிய விறைச்சுக்கொண்டு இருப்பாய் எண்டு வந்தனான்."

கொஞ்ச நேரம் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிவிட்டார். "உது பிழையெல்லே? உந்த நெட்டச்சி பின்னாலை தள்ளுறாள்! ஒருதரும் கேக்கிறேல்லையோ?"

மூன்றாம் பகுதியில் எதிரணிக்காரி ஒருத்தி தனியே வந்தாள். அவள் ஸ்டிக்கை ஓங்கவும் கஜனி பக்கவாட்டில் சரிந்து படுத்தாள். காலுறை முடிந்து ஸ்கேற் தொடங்கும் இடத்தில் பக் பட்டது. சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. நாலு வினாடி அசையவில்லை. முழங்காலில் எழும்பினாள். பக் திரும்பவும் அதே ஆளிடம் போனது. அவள் திரும்பவும் ஓங்கினாள். கஜனி திரும்பவும் படுத்தாள்.

அன்ரி என் கையைப் பிடித்தார். "ஆருக்காகவடி இவள் இப்பிடிக் கிடக்கிறாள்?" என்றார்.

உடைமாற்றும் அறைக்கு நான் போனபோது மற்றவர்கள் போய்விட்டார்கள். கஜனி ஸ்கேற்றைக் கழற்றாமல் வாங்கில் இருந்தாள்.

"கழட்டினா வீங்கும்," என்றாள். பிறகு, "ஏதும் தெரிஞ்சுதோ?"

"இல்லை."

"ஓகே." குனிந்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. நான் அவிழ்த்துவிட்டேன்.

ஜூன் பதினேழுடன் என் முப்பத்தொரு நாள் முடிந்தது. கிரியை செய்யலாமோ என்று கேட்கக் கோயிலுக்குப் போனேன். ஐயர் இறந்த திகதியையும் திதியையும் கேட்டார். இரண்டும் என்னிடம் இல்லை. வரும் வழியில் மீன்கடையைத் தாண்டி வந்தேன், இறங்கவில்லை.

அடுத்த கிழமை சுவிஸிலிருந்து கடிதம் வந்தது. அவளை எடுத்திருந்தார்கள். ஓகஸ்டில் போகவேண்டும். ஒப்பந்தத்தோடு நாலு பக்கப் படிவம். சமையலறை மேசையில் வைத்து நிரப்பினாள். உயரம், நிறை, இரத்த வகை. முறிந்த எலும்புகளுக்குக் கொடுத்த இடம் போதாமல் ஓரத்தில் எழுதினாள். நான் எதிரே இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஆட்டத்தில் ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது?

கஜனி யோசிக்கவில்லை. அம்மாவின் முழுப்பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினாள். உறவு: தாய். தொலைபேசி என்ற இடத்தில் இந்த வீட்டு இலக்கத்தை எழுதினாள். ஓகஸ்டிலிருந்து இந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், மை காயும்வரை அந்த வரியின்மேல் மெல்ல ஊதினாள்.