வீட்டுக்காரிக்குப் போட்ட கையெழுத்து

அஞ்சாம் வகுப்புதான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், சிலது மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கடை ஊரில் நானும் மகளும் ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரியிடம் கேட்கவேண்டும். என் பெயரிலுள்ள மனையில் வீடு கட்ட, இருவரும் சேர்ந்து வங்கியில் கடன் கேட்டோம்.

அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க ஜாமீன் நின்ன ஆட்டோக் கடன்ல தவணை முடங்கிக் கெடக்கு. ஒங்க பேரும் கெட்டிருக்கு" என்றார்.

"யாருக்கும்மா ஜாமீன் நின்ன?" என்றாள் மகள்.

வீட்டுக்காரி மகனுக்கு. "வெறும் கையெழுத்துதானே அக்கா, கிட்னியையா கேட்டேன்?" என்று அவள் சிரித்தாள். மறுத்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வாளோ என்று பயந்து போட்டுவிட்டேன்.

மகள் வீட்டுக்காரியிடம் சண்டை போட்டபின் அவர்கள் நிலுவையை அடைத்தார்கள். ஆனால் என் கடன் வரலாறு சீராகக் காலம் ஆகுமாம், பிறகு வரச் சொன்னார் அதிகாரி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மனைக்குப் போய், அடுக்களை வரப்போகும் இடத்தில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வருகிறேன்.

இப்போது யார் காகிதம் நீட்டினாலும், "மக வரட்டும்" என்கிறேன். எங்கள் கடன் வரலாற்றை அவளும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறாள்.

நான் எழுதிய விவரம் சரியா என்று வங்கி வேலை தெரிந்த யாராவது பார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, அது சீராக எத்தனை காலம் ஆகும் என்று. எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.