பச்சைத் தடத்தில் ஒரு கறுப்புப் பலகை

சுட்டுவிரலைப் பனிக்குள் முழுதாக விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தூரிட் அம்மாள் இருபதுவரை எண்ணுகிறார். "மைனஸ் நாலு," என்று அறிவித்துவிட்டுத்தான் அந்தக் குளிருக்குச் சறுக்குக்கட்டையின் அடியில் எந்த மெழுகு பூசுவது என்று முடிவு செய்வார். பனிச்சறுக்குப் பூங்காவில் இருக்கும் எங்கள் சிற்றுண்டிக் குடில் சுவரில் நல்ல வெப்பமானி இருக்கிறதே என்றால், "அது ஆணியில தொங்கிக்கிட்டு இருக்கு. அதுக்குப் பனியப் பத்தி என்ன தெரியும்?"

அறுபத்து மூன்று வயது. வாரநாளில் தபால் வண்டி ஓட்டுகிறார். ஞாயிறானால் பூங்காவின் சறுக்குத் தடங்களுக்கு அவர்தான் பலகை நடுபவர். கற்றுக்குட்டிகளுக்குப் பச்சை, பழகியவர்களுக்கு நீலம், துணிந்தவர்களுக்குச் சிவப்பு, உயிரை மதிக்காதவர்களுக்குக் கறுப்பு. யாராவது காலணியோடு தடத்தில் நடந்துவிட்டால் தொலைந்தார்கள். "உங்க வீட்டு மெத்தை மேல நான் பூட்ஸோட நடந்தா சும்மா இருப்பீங்களா?" என்று மேயரையே கேட்டவர்.

எங்கள் ஊரில் வயதைச் சொல்வார்கள், எடையைச் சொல்வார்கள், மணமுறிவைக்கூடச் சொல்லிவிடுவார்கள். தான் சறுக்கும் தடத்தின் நிறத்தை மட்டும் யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். தூரிட் அம்மாளோ முப்பது வருடமாகக் கறுப்பைத் தவிர வேறு தடத்தில் கால் வைக்காதவர். ஜனவரியில் தபால் வண்டிப் படியில் வழுக்கி முட்டி பிசகியது. ஒரு மாதத்துக்குப் பச்சை மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு ஆர்ன்ஃபின் பார்த்துவிட்டால் ஈஸ்டர்வரை அதையே சொல்லிச் சிரிப்பான். பாவம், அம்மாளுக்கு அந்த வாரம் தூக்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டகையில் உபரியாகக் கிடந்த கறுப்புப் பலகையை எடுத்து வந்து, பச்சைப் பலகையை மறைத்து நட்டார். குடிலில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த நான் எட்டிப் பார்த்தேன்.

"தூரிட், என்ன வேலை இது?"

"நீ மாவைப் பாரு. கறுப்புன்னு பயந்துக்கிட்டே பச்சையில போனா எவனுக்குக் கால் ஒடியும்?"

அந்தத் தடத்தில் சறுக்கிய அம்மாளுக்கு அரைமணி நேரம் ராஜ மரியாதை. பலகையைப் படிக்கத் தெரியாத பாலர் பள்ளிக் குழந்தைகள் பதினோரு பேர் அதே தடத்தில் வந்து சேர்ந்தார்கள். கடைசியாக வந்தவன் வாயில் ரப்பர் சூப்பான். பின்பக்கத்தாலேயே சறுக்கி வந்தான். ஆர்ன்ஃபின் வாயைப் பிளந்தான்.

"கறுப்புலயா! இந்தக் காலத்துப் புள்ளைங்களப் பாத்தியா? ஏய் தூரிட், உனக்கு முட்டி போச்சுன்னாங்களே?"

"முட்டி போனா என்னய்யா, மானம் இருக்கில்ல!"

அப்போது லெஷெக் வந்தார். போலந்துக்காரர், இங்கே பேருந்து ஓட்டுகிறார். இரண்டு குளிர்காலமாக வண்டி நிறுத்துமிடத்திலேயே விழுந்து விழுந்து பழகியவர். முதல் முறையாகப் பச்சைத் தடத்தில் போக அன்றுதான் துணிந்திருந்தார். தடத்தின் மறுமுனையில் அவர் மகள் படம் எடுக்கக் காத்திருந்தாள். பலகையைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. குனிந்து கட்டைகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இன்னைக்கும் நமக்குக் குடுத்து வைக்கல," என்றார் என்னிடம். "மகளுக்குப் போன் போட்டு வந்துடச் சொல்லிடறேன்."

தூரிட் அம்மாளின் கழுத்து சிவந்தது. ஆர்ன்ஃபினைப் பார்த்தார், லெஷெக்கைப் பார்த்தார், என்னையும் ஒரு முறை முறைத்தார். பிறகு விறுவிறுவென்று போய்ப் பலகையைப் பிடுங்கினார். உறைந்துபோன பலகை மூன்றாவது இழுப்பில்தான் வந்தது. அம்மாள் பனியில் பொத்தென்று உட்கார்ந்தார். பின்னால் பச்சைப் பலகை பளிச்சென்று தெரிந்தது.

"கழட்டாத தம்பி! இதுதான் பச்சை. அது என் வேலை."

"அப்ப நீ காலையிலேருந்து பச்சையிலயா..." ஆர்ன்ஃபினுக்குச் சிரிப்பு தொடங்கிவிட்டது. குடிலில் இருந்தவர்கள் எல்லோரும் வாஃபிளோடு வெளியே வந்துவிட்டார்கள்.

அம்மாள் எழுந்து, கறுப்புப் பலகையை அவன் கையில் திணித்தார். அத்தனை பேரும் பார்க்க, பச்சைத் தடத்தில் இரண்டு கட்டைகளையும் இறக்கினார். பின், திரும்பிப் பார்க்காமலே, பிடித்துக்கொள் என்று லெஷெக்கை நோக்கித் தன் சறுக்குக்கோல் ஒன்றைப் பின்னால் நீட்டினார்.