சர்க்கரை வேண்டாமென்ற அத்தை

பரிமளா சர்க்கரையை விட்டது ஆசைப்பட்டு அல்ல. கல்யாணமாகி எட்டு வருஷம் ஓடிவிட்டது, வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. 2013ஆம் வருஷம் விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாள். ஸ்கேன் எடுத்ததில் சினைப்பையில் நீர்க்கட்டி என்று தெரிந்தது.

"முதல்ல வெயிட்டக் குறைங்க. சர்க்கரை, இனிப்பு எல்லாத்தையும் நிறுத்திடுங்க. மூணு மாசத்துல ஒரு ஆறு கிலோ குறைச்சுட்டு வாங்க, ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா.

எண்ணெய், நொறுக்குத் தீனி என்று இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள். பரிமளாவின் காதில் தங்கியது சர்க்கரை மட்டும்தான்.

அவள் பிடித்தால் பிடித்த பிடிதான். திண்டிவனத்துக்குத் திரும்பியதும் சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். பாண்டிச்சேரிக்குக் கட்டட வேலைக்குப் போகும் புருஷன் சேட்டு, பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொள்ளப் பழகினான். அவனுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். காரியம் கைகூடாமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவானேன் என்று மற்றவர்களிடம் அவள் வாயே திறக்கவில்லை.

அவளுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில்லில் வேலை. குவித்துப் போட்ட பருப்பில் சொத்தையையும் கல்லையும் பொறுக்கித் தள்ள வேண்டும். அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம், மடியில் கட்டிக்கொண்டு மட்டும் போகக் கூடாது. டீ வேளையில் எல்லோரும் பன்னை நனைத்துத் தின்னும்போது பரிமளாவின் கை குவியலுக்குப் போகும். பிறகு டீ வேளை என்று இல்லாமல் எப்போதும் போகத் தொடங்கியது.

பக்கத்தில் உட்காரும் இருதயமேரி கேட்டாள். "டீத்தண்ணி கூட இல்லாம எப்படிக்கா குந்திக்கினு இருக்கிற?"

"பசிச்சா மல்லாட்டை இருக்குதே. இதுல சக்கரை ஏது?"

இருதயமேரிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இதற்கு நடுவில் தம்பி அருளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவர்கள் வீட்டில் பேர் வைப்பது அத்தையின் உரிமை. பரிமளா புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். தம்பி பெண்டாட்டி சங்கவி குழந்தையை அவள் மடியில் வைத்தாள். பரிமளா அதன் காதில் மூன்று முறை மலர்விழி என்று கூப்பிட்டுவிட்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். அடுத்து, வந்திருந்தவர்களுக்குச் சர்க்கரைத் தட்டு வந்தது. முதலில் அத்தையிடம்தான் நீட்டினார்கள்.

"எனக்கு வேணாம். சக்கரைய நிறுத்திட்டேன்" என்றாள் பரிமளா.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சங்கவியின் அம்மா தனம் மெதுவாகத்தான் கேட்டாள். "புள்ளைக்குப் பேர் வச்ச வாயி, இனிக்க வேணாமாம்மா?"

ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டிருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. ஆனால் அத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரு சிட்டிகையில் விட அவளுக்கு மனம் வரவில்லை. தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். புள்ளைக்குப் பசி போல என்று சொல்லி, சங்கவி குழந்தையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு பரிமளா எப்போது போனாலும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இல்லையென்றால் குளித்துக்கொண்டிருந்தது. பிள்ளை இல்லாதவள் வயிறெரிந்து இனிப்பைத் தள்ளிவிட்டாள் என்று நினைக்கிறார்கள், அவள் கண்ணுக்குப் பயப்படுகிறார்கள். அது புரியாத அளவுக்கு அவள் மக்கு இல்லை. எடை குறையட்டும், அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

டாக்டரம்மா சொன்ன மூன்று மாதம் முடிந்ததும் விழுப்புரம் போய் எடை மெஷினில் ஏறினாள். இரண்டு கிலோ கூடியிருந்தது.

"சர்க்கரைய நிறுத்தினீங்களா இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

"துளிகூட நாக்குல வைக்கலைங்க."

"அப்ப என்னதான் சாப்பிடறீங்க?"

பரிமளா சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நாள் முழுக்கவா? அதுல பாதி எண்ணெய்தானம்மா."

அந்த மில்லிலிருந்து லாரி லாரியாகப் பருப்பு எங்கே போகிறது? எண்ணெய் ஆட்டத்தான். இத்தனை வருஷம் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவள் பரிமளா. டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இன்னும் மூணு மாசம் பார்க்கலாம் என்று அவர் சொன்னதுதான் தாங்கவில்லை.

பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்வரை அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திண்டிவனத்தில் இறங்கி நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தாள்.

"வாங்க அண்ணி. புள்ள தூங்குது" என்றாள் சங்கவி. தூளியில் குழந்தை தனக்குத்தானே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது இருவருக்குமே கேட்டது.

பரிமளா உட்கார்ந்து நீர்க்கட்டி, மூன்று மாதம், மல்லாட்டை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கொஞ்சம் சக்கரை குடு சங்கவி. அன்னிக்கித் தின்ன வேண்டியது."

சங்கவி ஒரு தட்டில் கொண்டுவந்தாள். பரிமளா அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். அவள் விழுங்கும்வரை சங்கவி அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகுதான் தூளியிலிருந்து குழந்தையை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தாள்.