நூறு வருஷம் மங்காத தாள்

தேனியில் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு மூன்றாம் முறையாகப் போயிருந்தேன். மகளின் கருப்பு வெள்ளைப் படத்தை வீட்டில் பிரிண்ட் எடுத்தால், ஒரு தாளில் பச்சையாகவும் இன்னொன்றில் சாம்பல் பூசியது போலவும் தெரிந்தாள். எந்தத் தாள் வாங்குவதென்று தாள் மாதிரிகளோடு நான் குழம்பி நின்றபோது, பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணாடி அலமாரியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். வாரி முடித்ததும் என் மாதிரிகளை வாங்கிப் பார்த்தார்.

“பளபளப்பு வேணாம் தாயி. படத்துக்கு மாலயப் போட்டு சீரியல் பல்பு மாட்டுனா, மினுக்கத்துல மொகம் தெரியாது.”

“யாரோட படங்கய்யா?”

“என்னோடதுதான். நான் போய்ச் சேந்த பெறகு வீட்ல இருக்கவய்ங்க எதையாச்சும் மாட்டிருவாய்ங்க. வீட்ல பிரிண்டர் சும்மாத்தான கெடக்கு.”

பதறிப்போய், “நீங்க நூறு வருஷம் இருப்பீக” என்றேன்.

“அப்ப நூறு வருஷம் மங்காத தாளாச் சொல்லு.”

வாரக்கணக்கில் படித்ததையெல்லாம் ஒப்பித்து, பளபளப்பில்லாத கெட்டித் தாள் ஒன்றைக் காட்டினேன். அதையே வாங்கிக்கொண்டு, இன்னொரு முறை தலை வாரிவிட்டுக் கிளம்பினார். எனக்கென்று எதையும் முடிவு செய்யாமல் வெறுங்கையோடு பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. அவர் பிரிண்டரில் என்ன மை என்று நான் கேட்கவேயில்லை. சாதாரண மை என்றால் நல்ல தாளிலும் படம் சீக்கிரம் மங்கிவிடும்.

இப்போதும் அந்தக் கடைக்குப் போனால் கண்ணாடி அலமாரிப் பக்கம் பயந்துகொண்டே பார்க்கிறேன். படம் மங்கினால், என்னைத் திட்ட அவரேதான் நேரில் வர வேண்டும்.