பூஜைக்கு முன் ஊதிய தூசி

2025 அக்டோபர் 1, புதன்கிழமை, ஆயுத பூஜை. வழக்கம்போலப் பொன்னேரியில் ரயில் ஏறி, எட்டு மணிக்குக் கும்மிடிப்பூண்டியில் எங்கள் மரப்பெட்டித் தொழிற்கூடத்தைத் திறந்தேன். எல்லோருமாக இயந்திரங்களைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தோம்.

வாழைக்கன்று வாங்கப் போய்த் திரும்பியபோது உள்ளே யார் முகமும் தெரியவில்லை. சாமி கும்பிடும் இடம் பளிச்சென்று இருக்கட்டும் என்று, கம்ப்ரசர் குழாயால் கூரைச் சட்டங்களை ஊதியிருக்கிறார்கள். வருடம் முழுக்கப் படிந்த மரத்தூள் மாவுபோலக் காற்றில் நின்றது. அதன் நடுவே, அறுப்பு மெஷின் ஓட்டுபவர் கற்பூரத் தட்டும் தீப்பெட்டியுமாக நின்றார்.

குவிந்து கிடக்கும் தூள் புகைந்து எரியும். காற்றில் மிதக்கும் தூளோ ஒரே நொடியில் வெடிக்கும். அருகே போய் அவர் கையைத் தீப்பெட்டியோடு சேர்த்துப் பற்றிக்கொண்டேன்.

“கொளுத்தாதீங்கண்ணே. இந்தத் தூசி வெடிச்சிடும். எல்லாரும் வெளிய வாங்க.”

“இன்னா சார், கைய இப்டி இறுக்கிப் புடிக்கிறீங்க? மரத்தூளுக்கா பயந்துக்கினு கீறீங்க?”

“பேயக் கண்டாகூட சாரு இப்டி பயப்பட மாட்டாரு,” என்று பின்னால் ஒருவர் சிரித்தார். ஆனாலும் வந்தார்கள்.

பொறி பறக்குமோ என்று மின்விசிறி சுவிட்சைத் தொடவும் பயந்து, அதை ஓடவிட்டே கடைசியாக வெளியேறினேன். பூஜையைத் தெருப்பக்க கேட்டருகே முடித்தோம். கற்பூரம் அணையும்வரை நான் தொழிற்கூடத்தின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடுமுறை. இருந்தும் காலையில் தனியாக வந்து, முதல் வேலையாகக் கம்ப்ரசர் குழாயைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிறகு ஈரத்துணியோடு ஏணியில் ஏறினேன்.