நாலு புள்ளி ஒன்பது நட்சத்திர மெக்கானிக்

நாற்பத்தாறு வயதில் மிக்ஸி மெக்கானிக்குக்கு இலக்கு என்று ஒன்று வந்து சேர்ந்தது. அதுவரை அவரிடம் வந்ததெல்லாம் மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி. ஒரு வருடமாக அவையும் குறைந்துபோய், கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சாமான் கெட்டால் யார் இப்போது பழுது பார்க்கிறார்கள்? போனைத் தடவினால் சாயங்காலத்துக்குள் புதுசு வந்து வாசலில் நிற்கிறது. மனைவியின் அண்ணன் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். மாசக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லிவிட்டு, அளவு பார்க்கச் சீருடையையும் கொடுத்தனுப்பிவிட்டார். அது படுக்கையறைக் கதவில் தொங்கியது. மெக்கானிக் அந்தப் பக்கம் பார்க்காமலே உடை மாற்றப் பழகியிருந்தார்.

"சும்மா உக்காந்து சுவத்தைப் பாக்குறதுக்கு இதைப் பாருங்க" என்று மனைவி ஏழு நாள் இலவச வகுப்பு ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டாள். தொழிலை இணையத்தில் வளர்ப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. நடத்துபவர் ஒரு வெற்றி ஆலோசகர். அவருக்குப் பின்னால் புத்தக அலமாரி இருந்தது. அதிலிருந்த எல்லாப் புத்தகமும் ஒரே நீலம், ஒரே உயரம்.

முதல் நாள் பாடம், இலக்கு வைத்து அன்றன்றைய வேலைகளைப் பட்டியல் போடுவது. மெக்கானிக் நோட்டைத் திறந்து, "ஒன்று: பட்டியல் எழுத வேண்டும்" என்று எழுதினார். எழுதியாகிவிட்டதால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு டிக்கும் போட்டார். காலை ஆறரைக்கே ஒரு வேலை முடிந்துவிட்ட பெருமையில் அன்று முழுக்க வேறெதுவும் செய்யவில்லை.

இரண்டாம் நாள் பாடம், இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. நடுவில் யார் வந்தாலும் விதியை மீறக் கூடாது. அன்றைக்கென்று பார்த்து ஒரு கணக்கு டீச்சர் மிக்ஸியோடு வந்தார். மெக்கானிக் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேசையில் பரப்பியபோது போனில் மணி அடித்தது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னாச்சுங்க, மயக்கமா?"

"ஓய்வும்மா. அஞ்சு நிமிஷம். நீங்களும் எடுத்துக்கங்க."

டீச்சர் இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு பாகங்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மெக்கானிக் கண்ணைத் திறந்தபோது மேசை துடைத்து வைத்தது போல் இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டுப்பாடம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. இணையத்தில் உங்கள் கடையை நீங்களே தேடிப் பாருங்கள், வாடிக்கையாளர் கண்ணில் நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்று புரியும் என்றார் ஆலோசகர். மெக்கானிக் தேடினார். கடை இருந்தது. நாலு புள்ளி ஒன்பது நட்சத்திரம். இருநூற்றுப் பதினான்கு பேர் எழுதிய பாராட்டு.

வாரத்துக்கு மூன்று பேர் வந்தாலே அதிகம் என்னும் கடைக்கு இத்தனை பாராட்டா என்று அவருக்கு வியர்த்துவிட்டது. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரக்க வாசித்தாள். "பொறுமையாக் கேட்டாங்க." "எங்க வீட்டு ஃபேன் பிழைக்காதுன்னு பட்டுன்னு உண்மையைச் சொல்லிட்டாங்க." "மிக்ஸி இன்னும் ஓடல, ஆனா மனசு லேசாயிருச்சு. அஞ்சு நட்சத்திரம்."

"நீங்க என்னிக்குப் பொறுமையாக் கேட்டீங்க?" என்றாள் மனைவி.

அப்புறம்தான் அவள் வரைபடத்தைப் பார்த்தாள். சிவப்புப் புள்ளி அவர்கள் கடை மேல் இல்லை. நாலு தெரு தள்ளி, மெக்கானிக்கின் அக்கா வீட்டு மேல் குத்தி நின்றது.

நடந்தது இதுதான். ஐந்து வருடத்துக்கு முன்னால், தம்பி கடையும் போனில் வரட்டுமே என்று ஆசைப்பட்டுப் பதிவு செய்து கொடுத்தவள் அக்கா. தன் வீட்டு அடுப்படியில் நின்றபடி, "நான் இப்போது இருக்கும் இடம்" என்ற பொத்தானை அழுத்திவிட்டாள். தொடர்பு எண்ணும் அவளுடையதே. அடுத்த வருடம் சண்டை வந்தது. அவள் வீட்டு வாஷிங் மெஷினைத் தம்பி பிரித்து மாட்டியபோது இரண்டு ஸ்குரூ மிஞ்சின. அதை அவள் ஒரு கல்யாணப் பந்தியில், நாற்பது பேர் காது கேட்க, "என் தம்பி வேலை செஞ்சா ஒரு மெஷினுக்கு ரெண்டு ஸ்குரூ லாபம்" என்று சொல்லிவிட்டாள். கையை உதறிக்கொண்டு எழுந்தவர்தான், நாலு வருடமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. யார் முதலில் பேசுவது என்பதில் இருவருக்குமே அப்படியொரு வீம்பு.

மெக்கானிக் ஆலோசகருக்குப் போன் போட்டார். "சார், புள்ளியை என் கடைக்கு நகர்த்திடலாமா?"

"நகர்த்தினா மறுபடி சரிபார்ப்பாங்க. பாராட்டெல்லாம் போனாலும் போயிடும். நல்லா ஓடுறதைத் தொடாதீங்க. முக்கியமா, அஞ்சுக்கு ஒரு நட்சத்திரம்னு மட்டும் விழவே கூடாது. விழுந்தா தொழிலே விழுந்துடும்."

"அப்ப என்ன சார் பண்றது?"

ஆலோசகர் யோசிப்பதற்குள் மனைவி சொன்னாள். "புள்ளி நகராதுன்னா நீங்க நகருங்க."

சனிக்கிழமை காலை மெக்கானிக் கருவிப்பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனார். கூடத்தில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு சாமான் மடியில். நேராக உள்ளே போகப் பார்த்தவரை, மேசை மின்விசிறி வைத்திருந்த ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"வரிசைங்க."

"இது என் கடைங்க!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார். வேறு வழி? மின்விசிறிக்காரர் பேச்சுத் துணைக்கு ஏங்கியவர் போலும், கேட்காமலே எல்லாம் சொன்னார். "ஆரம்பத்துல இந்த அம்மா, தம்பி கடை நாலு தெரு தள்ளின்னுதான் வழி சொன்னாங்க. நாங்களும் கிளம்புவோம். போன் விடாது. திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும்னு கத்தும். சுத்திச் சுத்தி இங்கயே வந்து நிப்போம்."

"அந்தம்மா சொன்னதை நம்பாம போனை நம்புனீங்களா?"

"அவங்க வாயால சொல்றாங்க. இது சாட்டிலைட்டுங்க."

வந்தவர்களை விரட்ட மனசு வராமல் அக்கா விசாரிக்க ஆரம்பித்திருக்கிறாள். பாதிப் பேருக்குப் பிளக் சரியாகச் செருகவில்லை. சிலருக்கு, இது தேறாது, தூக்கிப் போடு என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. உண்மையிலேயே பழுதானவற்றுக்குச் சீட்டு எழுதிக் கட்டிப் பின்னறையில் அடுக்கினாள். எப்போது கிடைக்கும் என்று கேட்டால், "மெக்கானிக் வெளிய போயிருக்கார்" என்பாள். நாலு வருடமாக அவர் வெளியேதான் போயிருந்தார். சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தங்கள் மிக்ஸியைப் பார்த்துவிட்டுப் போவார்களாம்.

இதைக் கேட்டபோது மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டியது, ஆனால் கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார்.

அவர் முறை வந்தது. அக்காவுக்கு முன்நெற்றி முடி நரைத்திருந்தது. அவரை ஒரு தரம் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. ஒரு கட்டுச் சீட்டை எடுத்து நீட்டி, பின்னறையைக் கையால் காட்டினாள். அவரும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். உள்ளே அறுபத்தொரு சாமான்கள் காத்திருந்தன.

அன்று முதல் மெக்கானிக் அந்தப் பின்னறையில் வேலை செய்தார். பட்டியல் போடவில்லை, மணி வைக்கவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் அக்கா கையெழுத்தில் பொருள், பழுது, எத்தனை நாளாக என்று தெளிவாக எழுதியிருக்கும். அதுவே போதுமாயிருந்தது. சரி செய்த சாமான்கள் வாசல் வழியாகப் போகப் போக, புதிது வந்தபடி இருந்தது. மாசக் கடைசிக்கு நாலு நாள் முன்னாலேயே சீருடை, மடித்தது மடித்தபடி, மச்சானிடம் திரும்பிப் போனது.

பேச்சு மட்டும் இல்லை. "சாப்பாடு தயார்" என்று கதவிடுக்கு வழியாகச் சீட்டு வரும். "குழம்பில் உப்பு கம்மி" என்று பின்பக்கத்தில் பதில் போகும். "நாலு வருஷம் பேசாததுக்கு இப்பப் பேப்பர் செலவு வேற" என்று மெக்கானிக்கின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை காலை மெக்கானிக் அடுத்த சீட்டை எடுத்தார். பொருள் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. பழுது: தம்பி பேசுறதில்ல. எத்தனை நாளாக: நாலு வருஷம்.

தொழில் புத்தி, முதலில் அதற்குரிய சாமானைத் தேடினார். அலமாரியில் தேடினார், மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். மூன்றாம் முறை வாசித்தபோதுதான் உறைத்தது. முதலில் பேசக் கூடாது என்று இத்தனை நாள் பிடித்த பிடியை அவள் எழுதியே விட்டுக்கொடுத்திருக்கிறாள். வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு.

சீட்டோடு கூடத்துக்கு ஓடினார். அன்று பதினோரு பேர். மின்விசிறிக்காரரும் இருந்தார். அவர் மின்விசிறி எப்போதோ சரியாகிவிட்டதால் இப்போது இஸ்திரிப்பெட்டி கொண்டு வந்திருந்தார்.

"வரிசைங்க" என்றார் அவர்.

பழக்கதோஷம், மெக்கானிக் கடைசியில் போய்ப் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்துவிட்டார்.

யாரோ ஒருத்தியின் மிக்ஸிக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். வரிசைக் கடைசியில் தம்பி. கையில் அந்தச் சீட்டு. கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைப் பாதியில் விட்டாள்.

"எல்லாரும் நாளைக்கு வாங்க."

யாரும் அசையவில்லை.

"நாளைக்கு வாங்கன்னு சொல்றேன்ல!"

அவள் அப்படிக் கத்தி அவர்கள் கேட்டதில்லை. முணுமுணுத்துக்கொண்டே சாமான்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். மின்விசிறிக்காரர் மட்டும் செருப்பை மாட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

"அக்கா" என்றார் மெக்கானிக். சீட்டை அவளிடம் நீட்டினார்.

"அந்த ரெண்டு ஸ்குரூ இல்லாமலே இன்னிக்கு வரைக்கும் ஓடுதுடா அந்த மெஷின். அதை உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றாள் அக்கா. "பந்தியில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நான் கையை உதறியிருக்கக் கூடாது."

சாயங்காலம் ஆலோசகர் பதறிப்போய்ப் போன் செய்தார். ஒரே நாளில் பதினோரு பேர் ஆளுக்கு ஒற்றை நட்சத்திரம். அக்காவும் தம்பியும் அடுப்படியில் தோளோடு தோள் இடிக்க நின்று, ஒரே போனில் அவற்றை வாசித்தார்கள். கடைசியாக எழுதியிருந்தவர் மின்விசிறிக்காரர். "காலை பத்தரைக்குப் போனேன். கடை நடத்தும் அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் இஸ்திரிப்பெட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நட்சத்திரம்."